பனிச்சறுக்கு பேண்ட்டும் அத்தையோட முழங்காலும்

டிஸ்கி: கொஞ்சம் நீ...ளமான பதிவு. நடுவுல ஒரு சண்டை இருக்கு. சண்டைக்காக மட்டும் வர்றவங்க முதல் பாதியைத் தாண்டிப் போய்க்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

போன அக்டோபர்ல ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு பிரான்சுல இருந்து அண்ணன் போன். பெரியப்பா பையன். காரைக்கால்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக ஒரு வரி: எங்க ஊர் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊர். 1962-ல ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்ட குடும்பங்கள் இங்க உண்டு. பெரியம்மா வழியில தாத்தா 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். அந்த வழியில அண்ணன் பாரிசுக்குப் போய், அங்கேருந்து இப்போ ஆல்ப்ஸ் மலையில பனிச்சறுக்கு நடக்குற ஒரு ஊர்ல சீசன் வேலைக்குப் போறார். நாற்காலி லிஃப்ட்டுல ஆளுங்களை ஏத்தி விடுறது, இறங்குற இடத்துல பனியைத் தள்ளிச் சமப்படுத்துறது, இதான் வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்.

"தம்பி, வேலைக்குப் போட்டுக்க ஒரு ஸ்கீ பேண்ட் வாங்கணும். நீதான் பனியெல்லாம் பார்த்தவனாச்சே. சட்டுனு கிழியாததா, எட்டு மணி நேரம் நின்னாலும் உறுத்தாததா ஒண்ணு பார்த்துச் சொல்லு."

'பனியெல்லாம் பார்த்தவன்' கதை என்னன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் பசங்களோட உத்தராகண்ட்ல அவுலிக்கு ரெண்டு நாள் போனேன். அதுல ஒன்றரை நாள் உட்கார்ந்த வாக்குலதான் சறுக்கினேன் :-( அதுக்குன்னு வாங்கின பேண்ட் ஒண்ணு ஊர்ல பரண் மேல கிடக்கு. இந்த அனுபவத்தை வச்சு நான் நிபுணர் ஆயிட்டேன்.

வேலைக்கு எடுத்தவங்களே ஜாக்கெட்டும் பேண்ட்டும் ஒரு செட் கொடுத்துடுறாங்களாம். வேலைக்குத் தேவையான பாதுகாப்பு உடுப்பை முதலாளி தன் செலவுல கொடுக்கணும்ங்கிறது அங்கே சட்டம். அண்ணனுக்கு வேண்டியது மாத்திப் போட்டுக்க இன்னொண்ணு. நம்ம புத்திதான் தெரியுமே, ஒரு பேண்ட்டுக்கு மூணு ராத்திரி உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன். பின்னாடி சண்டைக்கு இது வேணும்.

1. குளிருக்குப் பஞ்சு வச்ச தடி பேண்ட் வேலைக்கு ஆகாது. பனி தள்ளுறப்போ வேர்க்கும், அப்புறம் சும்மா நிக்கிறப்போ அந்த வேர்வையே குளிர்ந்து ஆளை வாட்டும். அதனால வெளியில காத்தும் தண்ணியும் புகாத மெல்லிய பேண்ட், உள்ளே தனியா கம்பளி உள்ளாடை. பருத்தி கூடவே கூடாது, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

2. தண்ணி தாங்குறதுக்கு ஒரு அளவு இருக்கு. துணி மேல ஒரு குழாயை நிறுத்தித் தண்ணி ஊத்தினா எவ்வளவு உயரத்துல கசிய ஆரம்பிக்குதுன்னு பார்க்கிற கணக்கு. 10,000 மி.மீ.ன்னா பத்து மீட்டர் தண்ணி நிக்கும். நாள் முழுக்க ஈரப் பனியில உட்கார்ந்து எழுந்திருக்கிறவனுக்கு 20,000 நல்லது. துணி மட்டும் தாங்கினா போதாது, தையல் ஊசி ஓட்டை வழியாவும் கசியும். அதனால தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கணும்.

3. தொடையில ஜிப் வச்ச காத்து வழி. வேர்க்கிறப்போ திறந்து விட்டுக்கலாம்.

4. முழங்கால் பகுதி மடங்கின வாக்குலயே வெட்டித் தைச்சிருக்கணும், குனியும்போது இழுக்காது. முட்டி, உட்காருற இடம், கணுக்கால் உள்பக்கம் மூணு இடத்துலயும் கூடுதல் ஒட்டு. சறுக்குப் பலகையோட இரும்பு விளிம்பு கணுக்கால் பக்கம் அறுத்துக்கிட்டே இருக்குமாம்.

5. அடிப்பக்கம் உள்ளே இன்னொரு சின்னப் பாவாடை மாதிரி, எலாஸ்டிக் வச்சு. பூட்சைக் கவ்விப் பிடிச்சுக்கும், பனி உள்ளே போகாது.

6. இடுப்பை இறுக்காம தோள்ல மாட்டுற வார். பக்கவாட்டுல முழு நீள ஜிப் இருந்தா பூட்ஸைக் கழட்டாமலே பேண்ட்டைக் கழட்டலாம்.

7. பெண்களுக்கான சில மாடல்ல பின்பக்கம் மட்டும் ஜிப்பைத் திறந்து இறக்கிக்கிற வசதி இருக்கு. இது எதுக்குன்னு அப்போ நான் யோசிக்கவே இல்லை. எக்செல்ல ஒரு காலத்துல 'ஆமா / இல்ல'ன்னு போட்டு விட்டுட்டேன்.

அண்ணனுக்கு ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், வாங்கிட்டார், நல்லா இருக்காம். பதிவு இதோட முடிஞ்சிருக்கணும். தீபாவளிக்கு ஊருக்குப் போனேன் பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சுது.

நெடுங்காடு பக்கம் எங்க வயல். பெருசா ஒண்ணும் இல்லை, கொஞ்சம்தான். சம்பா நடவு. ஒன்பது பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தர் எங்க அத்தை. எங்க வயல்லயும் நடுவாங்க, அடுத்தவங்க வயலுக்கும் கூலிக்குப் போவாங்க. அம்பத்தஞ்சு வயசு.

என்ன உடுப்பு? நீங்க எல்லாரும் பார்த்ததுதான். சேலையை முழங்காலுக்கு மேல தூக்கிச் செருகியிருக்கும். மேல ஆம்பளை முழுக்கைச் சட்டை. தலையில துண்டு. அத்தை போட்டிருந்த சட்டை நான் காலேஜ்ல மூணாவது வருஷம் போட்ட கோடு போட்ட சட்டை. முழங்காலுக்குக் கீழே ஒண்ணும் இல்லை. வெறுங்கால், சேறு, தண்ணி.

முந்தின வருஷம் இதே சீசன்ல அத்தைக்கு எலிக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. கண்ணு மஞ்சளாச்சு, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சுது, பயந்துட்டோம். எலியோட மூத்திரம் கலந்த தண்ணியில இருக்கிற கிருமி, காலில இருக்கிற வெடிப்பு வழியா, புண்ணு வழியா உள்ளே போகும். அத்தை காலுல பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும் இல்லாத நாளே கிடையாது. அந்தக் கிருமிக்கு அதைவிடப் பெரிய வாசல் எதுக்கு? அப்போ பார்த்த டாக்டர் (நல்லவர்தான், காப்பாத்திக் கொடுத்தவர்) ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, கால்ல ஏதாவது போட்டுக்கிட்டு வேலை செய்யக்கூடாதா?"

அத்தை பதில் சொல்லலை. எனக்கும் அப்போ பதில் தெரியலை. எதைப் போட்டுக்கிட்டு?

மூணு ராத்திரி ஆல்ப்ஸ் மலைக்காக எக்செல் போட்டவனுக்கு வரப்புல நின்னப்போதான் உறைச்சுது. கணுக்கால் உள்பக்கம் அறுபடும்னு ஒட்டுத்துணி வச்சுத் தைக்கிற அளவுக்கு எவனோ ஒருத்தன் ஒரு காலைப் பத்தி யோசிச்சிருக்கான். எங்க ஊர்ல ஆயிரம் வருஷமா நெல்லு நடறாங்க. இந்தக் காலைப் பத்தி யாராவது ஒரு நாள் உட்கார்ந்து யோசிச்சிருக்காங்களா?

நெல்லைப் பத்தி யோசிச்சிருக்காங்க. வெள்ளத்துல ரெண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிற மாதிரி சப்-1 மரபணுவை ஏத்தின ரகங்கள் வந்தாச்சு. நம்ம டெல்டாவுலயே சி.ஆர்.1009 சப்-1 நடறாங்க. பெரிய சாதனை, கிண்டல் பண்ணலை. பயிருக்கு வந்தாச்சு, அதை நடுற காலுக்கு எப்போ வரும்னுதான் கேட்கிறேன்.

போலீசுக்கும் யோசிச்சிருக்காங்க. பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷம் ஆச்சு, எங்க ஊர் கான்ஸ்டபிள் தலையில இன்னிக்கும் அந்தச் சிவப்புத் தொப்பி இருக்கு. துணியைப் பத்தியும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். புதுச்சேரியில நீலச்சாயம் முக்கின 'கினே' துணி ஒரு காலத்துல கப்பலேறி செனகல் வரைக்கும் போய் வித்துச்சு. இப்போ திருப்பூர் பின்னலாடை போகாத நாடு இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் தைச்சுக் கொடுக்கிறோம். வயல்ல நிக்கிறவளுக்கு மட்டும் புருஷனோட பழைய சட்டை.

சரி, சண்டைக்கு வருவோம். போன வாரம் ஒரு நண்பர் பதிவுல இதைப் பத்தி நாலு வரி பின்னூட்டம் போட்டேன். வந்த பதில்களை நாலு வகையாப் பிரிச்சுட்டேன். யார் பேரும் போடலை. தொப்பி யாருக்குப் பொருந்துதோ அவங்க போட்டுக்கலாம் ;-)

'அது நம்ம பண்பாடு'

முதல் டெம்ப்ளேட். நடவு வயல்ல சேலை செருகின பெண்கள், பச்சை, வானம், கொக்கு. பொங்கலுக்குப் பொங்கல் நம்ம எல்லார் பதிவுலயும் இந்தப் போட்டோ வரும். 'மண்ணின் மணம்'னு தலைப்பு வேற. (நானும் போட்டிருக்கேன், மன்னிச்சுடுங்க.)

ஐயா, அந்தப் போட்டோவுல இருக்கிற முழுக்கைச் சட்டை எந்தப் பண்பாடு? யாரும் சொல்லிக் கொடுக்கலை, எந்தச் சங்கமும் தீர்மானம் போடலை. வெயில் சுடுது, நெல்லுத்தாள் கையை அறுக்குதுன்னு பொம்பளைங்களே வீட்டுக் கொடியில இருந்து எடுத்து மாட்டிக்கிட்டாங்க. அவங்க மாறத் தயாராத்தான் இருந்தாங்க. நாமதான் கேமராவோட நின்னுட்டோம்.

ஜப்பானும் நெல்லு நடுற நாடுதான். கிமோனோவைவிடப் பெரிய பண்பாட்டு உடுப்பு உண்டா? ஆனா அங்கே வயல் வேலைக்குப் பெண்கள் 'மொம்பே'ன்னு ஒரு தொளதொள பேண்ட் போட்டாங்க. இடுப்பிலயும் கணுக்காலிலயும் கட்டிக்கிறது. கிமோனோவையே உள்ளே செருகிக்கிற அளவுக்கு இடம் இருக்கும். இன்னிக்கு அங்கே நடவுக்குன்னே தனி பூட்ஸ் கடையில கிடைக்கும். நம்ம கம்பூட் மாதிரி தொளதொளன்னு இருக்காது, காலோட ஒட்டி, மெல்லிசான அடி, கெண்டைக்கால்ல இறுக்கிக் கட்டிக்கிற மாதிரி. சேறு உறிஞ்சிப் பிடுங்காம இருக்கத்தான் அப்படி. அவங்க பண்பாடு ஒண்ணும் அழிஞ்சு போயிடலை.

இன்னொண்ணு. உடம்பை எவ்வளவு மூடணும்னு உழைக்கிறவங்களுக்கு மேலேயிருந்து சொன்ன ஊர் இது. தோள்ல துண்டு போடக்கூடாது, பண்ணையார் எதிர்ல இடுப்புல கட்டணும், செருப்பைக் கையில தூக்கணும்னு இருந்த டெல்டா. தெற்கே திருவிதாங்கூர்ல பெண்கள் மார்பை மூடிக்கிற உரிமைக்கே தோள்சீலைப் போராட்டம் நடத்தி, 1859 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு. அதனால வேலைக்காரங்க உடுப்பு விஷயத்துல 'பண்பாடு'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அலர்ஜி.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டுக்குப் போடுறது, நமக்கு எதுக்கு'

ரெண்டாவது டெம்ப்ளேட். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா உண்மை அப்படியே தலைகீழ்.

அந்தப் பேண்ட்டுகளோட பாட்டன் பூட்டனெல்லாம் வேலைக்காரன் உடுப்புதான். 1877-ல நார்வேயில ஹெல்லி ஹேன்சன்னு ஒரு கப்பல் கேப்டனும் அவர் மனைவியும் முரட்டுத் துணியில ஆளிவிதை எண்ணெயை ஊற வச்சு, கடலுக்குப் போறவங்களுக்குத் தண்ணி புகாத உடுப்பு தைச்சு வித்தாங்க. இன்னிக்கு அதே பேர்ல இருக்கிற கம்பெனிதான் ஸ்கீ பேண்ட் விக்குது. ஜீன்ஸ் கதை உங்களுக்கே தெரியும். அமெரிக்காவுல நெவாடாவுல ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர். ஒரு கூலித் தொழிலாளியோட மனைவி அவர்கிட்ட வந்து, என் புருஷனுக்குப் பேண்ட் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு, கிழியாம ஒண்ணு தைச்சுக் கொடுன்னு கேட்டாங்க. அவர் பாக்கெட் மூலையில செப்பு ஆணி அடிச்சார். துணி கொடுத்த லீவை ஸ்ட்ராஸோட சேர்ந்து 1873 மே 20-ல காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு நம்ம ஐ.டி. பார்க்குல ஏ.சி.யில உட்கார்ந்து நாம போட்டுக்கிட்டு இருக்கிறது அந்தக் கூலிக்காரன் பேண்ட்தான்.

அங்கே வேலைக்குத் தைச்சது விளையாட்டுக்குப் போச்சு. இங்கே விளையாட்டுக்குத் தைச்சதைப் பார்த்து 'வேலைக்கு எதுக்கு'ங்கிறோம்.

சரிவுல வேலை செய்யத்தான் பேண்ட் வேணும்னா, தமிழன் வேலை செய்யாத சரிவா? எங்க டெல்டாவுல சரிவுன்னா வரப்பும் ஆத்தங்கரையும்தான். ஆனா நம்ம ஜனங்க வால்பாறையில, நீலகிரியில, இலங்கை மலையகத்துல செங்குத்துச் சரிவுல ஆறேழு தலைமுறையா கொழுந்து பறிக்கிறாங்க. மலையகத் தமிழர் அங்கே போய்ச் சேர்ந்து 200 வருஷம் ஆனதை நினைச்சு 2023-ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தே போனாங்க. அந்தப் பெண்கள் செடி கிழிக்காம, பனி நனைக்காம, அட்டை ஏறாம இருக்க இடுப்புல என்ன கட்டுறாங்க? படங்கு. சாக்கோ பிளாஸ்டிக் தாளோ, சேலைக்கு மேல சுத்தி ஒரு கயிறு. ஆல்ப்ஸ் சரிவுல லிஃப்ட் பட்டனை அமுக்குறவருக்கு 20,000 மி.மீ. நம்ம சரிவுல கூடை சுமக்கிறவளுக்குச் சாக்கு. அண்ணன் மேல எனக்குப் பொறாமை இல்லை, அது அவருக்கு நியாயமா கிடைக்க வேண்டியது. இவங்களுக்கும் நியாயமா கிடைக்க வேண்டியதைத்தான் கேட்கிறேன்.

'மெஷின் வந்துடுச்சு, இன்னும் அஞ்சு வருஷத்துல யாரும் வயல்ல இறங்க மாட்டாங்க'

மூணாவது. இதை நான் ஸ்கூல் படிக்கிறப்போ இருந்து கேட்கிறேன். அறுவடைக்கு மெஷின் வந்துச்சு, வாஸ்தவம். நடவு மெஷினும் இருக்கு. ஆனா மூலை முடுக்கு, தண்ணி நிக்கிற பள்ளம், விட்டுப்போன இடத்துல நடுறது, களை எடுக்கிறது இன்னிக்கும் அத்தைதான். 'அஞ்சு வருஷம்'ங்கிறது நமக்கு ஒரு ரோட்மேப். அவங்களுக்கு அஞ்சு மழைக்காலம்.

அந்த மழைக்காலத்துல என்ன இருக்குன்னு ஒரு கணக்கு சொல்றேன். இந்தியாவுல 2000-ல இருந்து 2019 வரைக்கும் பாம்புக் கடியில வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் செத்திருக்காங்கன்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு. பெரும்பாலும் கிராமம், அதிலயும் மழைக்கால மாசங்கள்தான் அதிகம். பக்கத்துல தமிழ்நாட்டுல 2024-ல பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒண்ணாவே அறிவிச்சாங்க. வரப்புல கண்ணாடி விரியன் எங்க ஊர்ல புதுசு இல்லை. அமெரிக்காவுல கிலுகிலுப்பைப் பாம்பை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2009-ல வெளிவந்துச்சு. வெறும் கால் மாதிரி பொம்மையைவிட ஜீன்ஸ் துணி சுத்தின பொம்மைக்குள்ள போன விஷம் 60 சதவீதத்துக்கு மேல குறைவு. பாம்பு வேற, ஊர் வேற, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சாதாரண முரட்டுத் துணி அவ்வளவு செய்யும்னா, முழங்காலுக்குக் கீழே அந்தத் துணி ஏன் இல்லைங்கிற கேள்விக்கு 'மெஷின் வந்துடும்'ங்கிறது பதில் இல்லை.

'கொடுத்தாலும் போட மாட்டாங்க சார்'

நாலாவது. அதிகாரிங்களுக்கும், நம்மளை மாதிரி ஆளுங்களுக்கும் பிடிச்ச டெம்ப்ளேட். இதுல நானே அடி வாங்கினேன், அதனால உள்ளது உள்ளபடி சொல்றேன்.

தீபாவளிக்கு மறுநாள் பரண்ல இருந்து என் அவுலி பேண்ட்டை எடுத்துக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விரிச்சுக் காட்டினேன். அத்தை முட்டி ஒட்டை விரலால தேய்ச்சுப் பார்த்தாங்க, உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தாங்க.

"நல்லாத்தான் தச்சிருக்கான். எவ்வளவுடா மருமவனே?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க:

"ஏன்டா, இத மாட்டிக்கிட்டு நடுவயல்ல ஒண்ணுக்கு எப்படிடா போறது?"

நான் முழிச்சேன். எக்செல்ல ஏழாவது காலம் அப்போதான் ஞாபகம் வந்துச்சு. பின்பக்க ஜிப்!

வயல்ல கக்கூஸ் கிடையாது, மறைப்பு கிடையாது. சேலைன்னா வரப்பு ஓரமா உட்கார்ந்து எழுந்துடலாம், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பேண்ட்டுன்னா அவுக்கணும். அதனால தண்ணி குடிக்காம இருப்பாங்க, அது வேற வியாதி. மாதவிலக்கு நாளைச் சேர்த்துக்கோங்க. 'கொடுத்தாலும் போட மாட்டாங்க'ன்னு சொல்றவங்க யாராவது ஏன்னு ஒரு தடவை கேட்டிருக்காங்களா? அந்தப் பேண்ட்டை வடிவமைச்சவன் தன் ஊர்ப் பெண்கள்கிட்ட கேட்டிருக்கான், அதான் ஜிப் வச்சிருக்கான். மூணு ராத்திரி ஆராய்ச்சி பண்ண எனக்கு அது 'ஆமா / இல்ல'.

நம்ம தொழில்ல இதுக்கு ஒரு பேரு உண்டு. பயன்படுத்துறவங்ககிட்ட கேட்காம ரிக்வயர்மெண்ட் எழுதுறது. அப்புறம் 'யூசருக்கு அறிவு இல்லை'ன்னு மீட்டிங்ல புலம்புறது. நாம எல்லாரும் பண்ற வேலைதானே?

மீதிக் குறையையும் அத்தையே சொன்னாங்க. இது தண்ணி உள்ளே புகாத துணி, ஆனா முழங்கால் ஆழத்துல நின்னா மேல வழியா புகுந்து உள்ளேயே நிக்கும். நடக்க முடியாது. வேகும். நம்ம வெயிலுக்குத் தண்ணியைத் தடுக்கிற துணி வேண்டாம், தண்ணி வடிஞ்சு சட்டுனு காயுற துணிதான் வேணும். அஞ்சே நிமிஷத்துல என் மூணு ராத்திரி காலி.

அப்புறம் நடந்தது இது. நெடுங்காட்டுல தெரிஞ்ச டெய்லர்கிட்ட போனோம். முரட்டு நைலான் கலந்த துணி, முழங்காலுக்குக் கீழே ரெண்டு மடிப்பு, கணுக்கால்ல கயிறு, தொளதொளன்னு ஒரு பேண்ட். அத்தை மூணு நாள் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போனாங்க. நாலாவது நாள் அரிவாள்மணையில வச்சு அதை வெட்டிட்டாங்க! இடுப்பும் தொடையும் தனியா, கால் ரெண்டும் தனியா. அந்த ரெண்டு காலையும் முட்டிக்குக் கீழே நாடா வச்சுக் கட்டிக்கிட்டு, மேல வழக்கம் போலச் சேலை. ஒண்ணுக்குப் பிரச்சினை முடிஞ்சுது. காலுக்கு உறை ஆச்சு. இடுப்புத் துணியில பை தைச்சுக்கிட்டாங்க, வெத்தலைக்கும் போனுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. அடியில சேறு புகுது. நாடா இறுக்கினா தடம் விழுது, தளர்த்தினா நழுவுது. பாதத்துக்கு இன்னும் ஒண்ணும் இல்லை, பித்தவெடிப்பு அப்படியேதான் இருக்கு, எலிக்காய்ச்சல் பயம் போயிடலை. ஆனா மார்கழிக் களையெடுப்புல அத்தையோட இன்னும் மூணு பேர் கால்ல அந்த உறை இருந்துச்சு. அவங்களாக் கேட்டுத் தைச்சுக்கிட்டது. 'கொடுத்தாலும் போட மாட்டாங்க' கோஷ்டி இதைக் குறிச்சுக்கணும்.

இப்போ என் கேள்வி. ஒரு டெய்லரும் அத்தையும் ஒரு அரிவாள்மணையும் சேர்ந்து மூணு வாரத்துல இவ்வளவு தூரம் வந்தாங்க. எங்க ஊர்ல செருமாவிளங்கையில 1987-ல இருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கு. நெல்லுக்குச் சோதனை வயல் இருக்கிற மாதிரி, நெல்லு நடுறவங்க காலுக்கும் ஒரு சோதனை ஏன் இருக்கக் கூடாது? திருப்பூர்ல உலகத்துக்கே விளையாட்டு உடுப்பு தைக்கிறாங்க, ஒரு நாள் கூலிக்குள்ள ஒரு ஜோடி நடவு உறையும் காலோட ஒட்டுற நடவுச் செருப்பும் ஏன் தைக்கக் கூடாது? விதைக்கும் உரத்துக்கும் மெஷினுக்கும் மானியம் கொடுக்கிற அரசு, அதோட சேர்த்து வேலை செய்றவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி ஏன் கொடுக்கக் கூடாது? வேலைக்கு வேண்டிய உடுப்பை வேலை கொடுக்கிறவன் கொடுக்கணும்ங்கிறது எங்க அண்ணன் வேலை பார்க்கிற மலையில சட்டம். அத்தை வேலை பார்க்கிற வயல்ல அது ஒரு கேள்வியாக்கூட இல்லை. சின்ன நிலக்காரன் அவ்வளவுக்கு எங்கே போவான்னு கேட்பீங்க. நானும் சின்ன நிலக்காரன் வீட்டுப் பிள்ளைதான். அதனாலதான் அரசுன்னு சொன்னேன். ஆனா ஒரு நாள் கூலி விலையில ஒரு ஜோடின்னா, எங்க வயல்ல இறங்குறவங்களுக்கு நாங்களே வாங்கிக் கொடுக்கிறதுல எங்க சொத்து ஒண்ணும் கரைஞ்சுடாது. வர்ற குறுவைக்கு ஒன்பது ஜோடிக்குச் சொல்லி வச்சிருக்கேன். அத்தைதான் டிசைனர்.

மக்களே, உங்க ஊர்ல யாராவது இந்த மாதிரி ஏதாவது பண்ணியிருக்காங்களா? உப்பளத்துல, செங்கல் சூளையில, கடலோரத்துல, தோட்டத்துல? கயிறு கட்டினது, டயர் வெட்டினது, சாக்கு தைச்சது, எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல எழுதுங்க. அளவோட எழுதினா இன்னும் நல்லது, நெடுங்காட்டு டெய்லர்கிட்ட காட்டுறேன்.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. பொங்கல் பதிவுக்கு நடவு வயல் போட்டோ தேடுறப்போ, முழங்காலுக்குக் கீழே ஒரு நிமிஷம் பார்த்துட்டு அப்புறம் தலைப்பு வைங்க.

பி.கு.: அவுலி பேண்ட் திரும்பவும் பரண்லதான் இருக்கு. முட்டி ஒட்டுத்துணியை மட்டும் அத்தை பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. "நல்ல துணிடா, வீணாப் போவுது"ன்னாங்க :-)